நனைந்த காரை மூடி வைக்காதீர்கள்

“வாட்டர்ப்ரூஃப் வண்டிதானே, மழையில ஓட்டினா என்ன ஆயிடும்?” ஐப்பசி பிறந்து வானம் இருட்டத் தொடங்கியதும், ஆர்.சி. கார், அதாவது ரிமோட்டில் ஓடும் சிறு கார், வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் இந்தக் கேள்வி எழுந்துவிடுகிறது. பதிலும் தயாராகவே இருக்கிறது. பெட்டியில் வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கு. பழைய வண்டி என்றால் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரை ஒரு பலூனுக்குள் நுழைத்துக் கட்டு. ஒயர் போகும் ஓட்டைகளைச் சிலிக்கான் வைத்து அடை. மூன்று யோசனைக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: தண்ணீரை வாசலிலேயே நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது.

அந்த நம்பிக்கை தவறு என்பதே என் வாதம். மழையில் ஓடும் பத்து நிமிடத்தில் காரின் மின்னணுப் பாகங்களுக்கு நேரும் சேதம் பெரும்பாலும் சிறியது. பெரிய சேதம், ஓட்டி முடித்து, மேலே துடைத்து, அலமாரியில் ஏற்றி வைத்த பிறகு, யாரும் பார்க்காத இரவில் நடக்கிறது. வாசலை அடைப்பதிலேயே கண்ணாக இருப்பவர்கள் அந்த இரவைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

நானும் அப்படி நம்பியவன்தான். பத்தில் ஒரு பங்கு அளவுள்ள என் முதல் டிரக்கின் பெட்டியில் அந்தச் சொல் பெரிய எழுத்தில் இருந்தது. ஒரு கார்த்திகை மாலையில் தெருவில் தேங்கிய தண்ணீரில் அரைமணி நேரம் ஓட்டினேன். ஒரு தடங்கலும் இல்லை. சுவிட்சை அணைத்தேன், துண்டால் துடைத்தேன், பேட்டரியைக் கழற்றாமலே மேசைக்கு அடியில் வைத்தேன். மறுநாள் காலை சுவிட்சைப் போட்டபோது விளக்கு எரியவில்லை. ரிசீவர் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த தண்ணீர் ஒரு தேக்கரண்டிகூட இராது. ஆனால் பலகையின் பின்களைச் சுற்றிப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அரைமணி நேர வெள்ளத்தில் பிழைத்த பலகை, ஒரு தேக்கரண்டித் தண்ணீரோடு கழித்த ஓர் இரவில் செத்தது. எனக்கு விளக்கம் தேவைப்பட்டது அதற்குத்தான்.

களிம்பு என்றால் என்ன என்று நம் வீடுகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செம்புக் குடத்தை ஈரத்தோடு மூடி வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதான், புளி போட்டுத் துலக்கி, கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தார்கள். மின்சாரப் பலகையில் அதே செம்பு இருக்கிறது. கூடவே பேட்டரியும் இருக்கிறது. குடத்தில் மாதக்கணக்கில் நடப்பதை பேட்டரி மணிக்கணக்கில் நடத்திவிடும்.

தூய நீர் மின்சாரத்தை அநேகமாகக் கடத்துவதே இல்லை. அதில் கரைந்திருக்கும் உப்புகள்தான் கடத்துகின்றன. லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புள்ள கடல்நீர், தூய நீரைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். தெருத் தண்ணீர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. இரண்டு பின்களுக்கு இடையில் அப்படி ஒரு துளி நின்று, ஒன்றில் நேர்மின்னும் மற்றதில் எதிர்மின்னும் இருந்தால், நேர்முனையிலுள்ள செம்பு கரையத் தொடங்கும். கரைந்த செம்பு துளிக்குள் நகர்ந்து எதிர்முனையில் படிந்து, மரக்கிளை போலக் கிளைவிட்டுத் திரும்பி வளரும். அந்தக் கிளை நேர்முனையைத் தொட்டதும் ஷார்ட்.

எவ்வளவு வேகமாக? பள்ளி வேதியியலில் படித்த ஃபாரடே விதியை வைத்தே கணக்குப் போடலாம். ஒரு துளி வழியாக 1 மில்லியாம்பியர் ஓடி, அது முழுவதும் செம்பைக் கரைப்பதிலேயே செலவானால், ஒரு மணி நேரத்தில் சுமார் 1.2 மில்லிகிராம் செம்பு போய்விடும். சர்க்யூட் பலகையில் செம்புத் தடத்தின் தடிமன் வழக்கமாக 0.035 மில்லிமீட்டர். 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தில் அந்த 1.2 மில்லிகிராம் என்பது ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் நீளம். உண்மையில் மின்சாரத்தின் ஒரு பகுதி நீரைப் பிரிப்பதிலும் செலவாகும் என்பதால் இது மேல் எல்லை. ஆனால் இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது நேரம். பத்து நிமிட ஓட்டத்துக்கும் பத்து மணி நேர இரவுக்கும் 60 மடங்கு வித்தியாசம். நுழைந்த நீரின் அளவைவிட, அது பேட்டரியோடு சேர்ந்திருந்த நேரம்தான் பலகையின் விதியைத் தீர்மானிக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு, மூடுவோர் கட்சியின் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம், பெட்டியின் மேல் இருக்கும் சொல். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஏதாவது அளவுகோல் இருந்தால், அது பெரும்பாலும் ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரத்திலிருந்து வரும் ஐபி எண்ணாக இருக்கும். ஐபி67 என்பதில் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் நீருக்கு. நீருக்கான 7 என்றால், 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்க வைத்தும் கெடுதி செய்யும் அளவுக்கு நீர் நுழையவில்லை என்று பொருள். கேட்க உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனால் சோதனைக்குப் போவது புத்தம் புதிய, சுத்தமான பொருள். அது மூழ்குவது அசையாத நன்னீரில். அந்த நீருக்கும் பொருளுக்கும் வெப்பநிலை வித்தியாசம் 5 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று தரமே சொல்கிறது. மூழ்கும் சோதனையில் தேறியது, பீய்ச்சி அடிக்கும் நீருக்கான 5, 6 ஆகிய சோதனைகளிலும் தேறியதாக ஆகாது. அவை தனிச் சோதனைகள்.

நம் வண்டியின் கதை என்ன? கல்லில் மோதியிருக்கிறது, மணலில் புரண்டிருக்கிறது. திருகுகளை நான்கு முறையாவது கழற்றி மாட்டியிருக்கிறோம். சக்கரம் சேற்று நீரைப் பீய்ச்சி அடிக்கிறது. கடற்கரையில் ஓட்டினால் நன்னீரும் இல்லை. சோதனைக்கூடத்தின் நிபந்தனைகளில் ஒன்றுகூட இங்கே பொருந்தவில்லை. அதிலும் பல பெட்டிகளில் எண்ணே இருப்பதில்லை, வெறும் சொல்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் கையேட்டைப் புரட்டினால், ஈரத்தில் ஓட்டிய பிறகு என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கம் இருக்கும். பெட்டியின் மேல் ஒரு சொல்லாகச் சுருங்கியதன் முழு வாக்கியம் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அதை யாரும் வாசிப்பதில்லை.

எங்கள் குடியிருப்பில் ஒரு பையன், ஏழாம் வகுப்பு, செத்துப்போன தன் காரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். “மாமா, வாட்டர்ப்ரூஃப்னு போட்டிருந்துச்சு, அதான் ஓட்டினேன். அப்பா நான்தான் உடைச்சேன்னு சொல்றாரு.” அவன் எதையும் உடைக்கவில்லை. அச்சிட்டிருந்ததை நம்பினான், அவ்வளவுதான். அவன் காரின் ரிசீவர் பெட்டியைத் திறந்து பார்த்தபோதும் எனக்குப் பழகிய பச்சைதான் தெரிந்தது. ஒரு குழந்தையிடம் “உன் வண்டி நனையாது” என்று சொல்வதற்கும், “உன் வண்டி நனையும், நனைந்தால் இப்படிப் பார்த்துக்கொள்” என்று சொல்வதற்கும் இடையில் இருப்பது அவன் பொம்மையின் ஆயுள். இந்த விஷயத்தில் நான் கோபப்படுவது அதனால்தான்.

இரண்டாவது வாதம்: “நன்றாக மூடிய பெட்டிக்குள் நீர் எப்படி நுழையும்?” பெட்டி மூச்சுவிடுவதால் நுழையும். ஓடும்போது ஈஎஸ்சி, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை, சுடுகிறது. 70 டிகிரி என்பது அதற்குச் சாதாரணம். உள்ளே இருக்கும் காற்று விரிந்து, ரப்பர் விளிம்பின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியேறுகிறது. அந்தச் சூட்டோடு வண்டி 30 டிகிரித் தண்ணீரில் பாய்கிறது. மிச்சமிருக்கும் காற்று அந்த 30 டிகிரிக்கே குளிர்ந்தால் அழுத்தம் நூற்றுக்கு 11 பங்குக்கு மேல் குறையும். அது 1 மீட்டருக்கும் சற்று அதிகமான நீராழத்தின் அழுத்தத்துக்குச் சமம். குட்டையின் ஆழம் நான்கு விரற்கடைதான். ஆனால் பெட்டி ஆளிறங்கும் தொட்டியின் அடியில் கிடப்பதுபோல் நீரை உறிஞ்ச முயல்கிறது. சோதனைத் தரம் 5 டிகிரி என்று வரம்பு கட்டி விலக்கி வைத்த நிலைமையே நம் வண்டியின் அன்றாட நிலைமை.

இன்னொரு வழி ஒயர். ரப்பர் உறைக்குள் நூற்றுக்கணக்கான மெல்லிய செம்பிழைகள் இருக்கின்றன. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அவை தண்ணீரை இழுக்கும். பெட்டியின் ஓட்டையை எவ்வளவு அழகாக அடைத்தாலும், ஒயரின் வெளிமுனை நனைந்தால் அதன் உள்வழியாகவே ஈரம் பலகை வரை போய்ச்சேரலாம். சக்கரத்தைத் திருப்பும் சர்வோவில் சுழலும் அச்சைச் சுற்றி ஓ-ரிங் இருக்கிறது. அதற்குள் ஒரு மணல் துகள் புகுந்தால், ஒவ்வொரு திருப்பமும் அந்த வளையத்தைத் தேய்க்கும். மூடி எதுவும் என்றைக்கும் புதிதாகவே இருப்பதில்லை.

இப்படி நுழைந்த துளிக்கு, நல்ல மூடியே சிறைக்கதவாகிவிடுகிறது. திறந்த பலகையின் மேல் விழுந்த துளி, மின்விசிறிக் காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். மூடிய பெட்டிக்குள் போன துளிக்கு வெளியேற வழியில்லை. பகலில் ஆவியாகி, இரவில் குளிர்ந்த பலகையின் மேல் மீண்டும் படியும். உள்ளே வர முடிந்த நீர் வெளியே போக முடியவில்லை என்றால், அந்த மூடி யாரைக் காக்கிறது? தொழிற்சாலைகள் இதைப் பல காலம் முன்பே உணர்ந்துவிட்டன. மோட்டார் கார்களின் முகப்பு விளக்குகளிலும் வெளிப்புற மின்னணுப் பெட்டிகளிலும், நீர்த்துளியைத் தடுத்துக் காற்றையும் ஆவியையும் விடும் நுண்துளைச் சவ்வு பொருத்திய துவாரங்கள் வைக்கிறார்கள். முழுக்க முழுக்க அடைப்பது நல்ல வழியாக இருந்திருந்தால், அந்தத் துவாரத்துக்கு அவர்கள் ஏன் செலவு செய்ய வேண்டும்?

மூன்றாவது, வீட்டில் செய்யும் அடைப்புகள். பலூன், ரிசீவர் விடும் சூட்டையும் உள்ளே மாட்டிக்கொண்ட ஈரப்பதத்தையும் சேர்த்தே கட்டி வைக்கிறது. நகப்பாலிஷ் பூசச் சொல்கிறார்கள். அது சூட்டிலும் அதிர்விலும் வெடிக்கும்; வெடிப்புக்குள் போன ஈரம் கண்ணுக்குத் தெரியாது. இவற்றைவிட மோசமானது, ஹார்டுவேர் கடையில் குளியலறைக்கென்று கிடைக்கும் சாதாரணச் சிலிக்கான். பிதுக்கியதும் வினிகர் வாசம் அடிக்கிறதே, அது அசிட்டிக் அமிலம். இறுகும் வரை அதை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். செம்பை அரிக்கும் அமிலத்தைச் செம்பின் மேலேயே பூசி, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கிறோம். மின்னணுப் பலகைக்கு அமிலம் விடாத நியூட்ரல் வகைச் சிலிக்கான் தனியாக விற்கிறது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் “சிலிக்கான் வை” என்று மட்டும் சொல்கிறவர், உதவுவதாக நினைத்து வண்டியைக் கெடுக்கிறார்.

நான்காவது, “ஓட்டி முடித்ததும் சுவிட்சை அணைத்துவிட்டேனே.” பல ஈஎஸ்சிகளில் அந்தச் சுவிட்ச் துண்டிப்பது ரிசீவருக்கும் சர்வோவுக்கும் போகும் மின்சாரத்தை மட்டும்தான். பேட்டரி செருகியிருக்கும் வரை அதன் முழு மின்னழுத்தமும் ஈஎஸ்சியின் உள்ளே நின்றுகொண்டிருக்கிறது. இரண்டு செல் லிப்போ பேட்டரி முழுச் சார்ஜில் 8.4 வோல்ட், மூன்று செல் என்றால் 12.6 வோல்ட். நீரைப் பிரிக்கக் கொள்கைப்படி 1.23 வோல்ட்டே போதும். என் டிரக் செத்த இரவில் சுவிட்ச் அணைந்துதான் இருந்தது.

ஐந்தாவது, “நனைந்தால் அரிசியில் போட்டு வை.” இதைச் சொல்லாத வீடே இல்லை. அரிசி, மூடிய பெட்டிக்குள் இருக்கும் துளியைத் தேடிப் போய் இழுக்காது. திறந்து வைத்துக் காற்றோட்டம் கொடுப்பதைவிட அது மெதுவானது. மாவும் தூளும் வேறு உள்ளே போகும். 2024இல் ஆப்பிள் நிறுவனமே, நனைந்த ஐபோனை அரிசிப் பையில் போடாதீர்கள், சிறு துகள்கள் கெடுதல் செய்யலாம் என்று தன் உதவிக் குறிப்பில் எழுதியது. தண்ணீர் காய்ந்தாலும் அது கொண்டுவந்த உப்பு காயாது. பலகையின் மேல் படிந்தே இருக்கும். அடுத்த ஈரக்காற்று வீசும் நாளில் அந்த உப்பு ஈரத்தை இழுத்துத் தன் வேலையை மறுபடி தொடங்கும். கடற்கரை ஊர்களில் அந்த நாளுக்கு அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. வறண்ட ஊர்க்காரர் சொன்ன “ரெண்டு நாள் சும்மா வை, சரியாயிடும்” என்ற யோசனை சென்னையிலும் தூத்துக்குடியிலும் செல்லாது.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1979இல் ஜப்பானின் தமியா நிறுவனம் ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர் என்ற இரு பக்கி கார்களை வெளியிட்டபோது, ரேடியோக் கருவிகளை மூடிய பெட்டிக்குள் வைத்தது. மூடுவதற்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் அவற்றைச் சுட்டுவது நியாயமே. நீரும் மணலும் கடந்து ஓடிய கார்கள் அவை. ஆனால் அந்தப் பெட்டியின் மேல்மூடி, உள்ளே தெரியும் பிளாஸ்டிக். தண்ணீர் புகுந்தால் கண்ணுக்குத் தெரியும், திறந்து துடைக்கலாம். அன்று வேகத்தைக் கட்டுப்படுத்தியதும் சர்வோ நகர்த்தும் தொடுமுனையும் மின்தடையும்தான். இன்றைய ஈஎஸ்சியின் சில்லுகளில் பின்னுக்குப் பின் அரை மில்லிமீட்டர்கூட இடைவெளி இராது; ஒரு பனித்துளி போதும். அன்றைய பெட்டியிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது மூடியை மட்டும். திறந்து பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டோம்.

பலகையையே பிசினில் முழுதாகப் புதைத்த ஈஎஸ்சிகளும் இருக்கின்றன. அவை உண்மையாகவே நன்றாகத் தாங்குகின்றன. ஏனென்றால் அங்கே நீர் நிற்க வெற்றிடமே இல்லை. கான்ஃபார்மல் கோட்டிங் என்று விற்கும் மெல்லிய பூச்சும் நல்லது. ஆனால் பூசுமுன் பலகையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவிக் காயவைக்க வேண்டும். இல்லையென்றால் அழுக்கையும் உப்பையும் பூச்சுக்கு அடியில் பூட்டி வைத்ததாகிவிடும். செருகும் முனைகளில் படாமல் மறைத்து, இரண்டு மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும். பல பூச்சுகள் புற ஊதா விளக்கில் ஒளிரும். விட்டுப்போன இடம் அதில் தெரிந்துவிடும். இதுவும் மூடுவதுதானே என்று கேட்கலாம். இங்கே காற்று வெளியேற வழி இருக்கிறது, கண்ணால் சரிபார்க்கவும் முடிகிறது. அந்த இரண்டும் இருக்கும் மூடியோடு எனக்குச் சண்டை இல்லை.

“அப்படியானால் மழையில் ஓட்டவே கூடாது என்கிறாயா?” ஓட்டச் சொல்கிறேன். ஈரத் தரையில் பின்சக்கரம் வழுக்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பிடிக்கும் சுகத்தை நான் யாருக்கும் மறுக்க மாட்டேன். கேட்பது ஓட்டி முடித்த பின் அரைமணி நேரம் மட்டும்.

வண்டி நின்றதும் முதல் வேலை, பேட்டரியைக் கழற்றி வெளியே எடுப்பது. மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்; மின்னழுத்தம் இல்லாத துளி வெறும் தண்ணீர். லிப்போவைத் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் தனியாக வையுங்கள். ஹேர் டிரையர் சூட்டை அதன் மேல் காட்டாதீர்கள். ஈஎஸ்சியும் மோட்டாரும் ஆறிய பிறகு சேற்றை நன்னீரில் மெதுவாகக் கழுவுங்கள். அழுத்தமாகப் பீய்ச்சும் குழாய் வேண்டாம். ரிசீவர் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே நனைந்திருந்தால், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அந்த டிஸ்டில்ட் வாட்டரால் பலகையை அலசுங்கள். நனைந்ததை மறுபடி நனைப்பதா என்று தயங்க வேண்டாம். வெளியேற்ற வேண்டியது உப்பை. பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஓர் அலசு. அது நீரை இழுத்துக்கொண்டு சீக்கிரம் ஆவியாகும். அந்த நேரத்தில் அருகில் நெருப்பு கூடாது. பெட்டியைத் திறந்தபடியே வண்டியைச் சாய்த்து, மின்விசிறிக்கு எதிரே இரவு முழுவதும் வையுங்கள். பேரிங்குகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பிரஷ்லெஸ் மோட்டாரின் சுருள்கள் எனாமல் பூசியவை, தண்ணீரைத் தாங்கும். அதன் பேரிங்கும், சென்சார் வகை என்றால் உள்ளிருக்கும் சிறு பலகையும் தாங்காது. கடல்நீர் பட்டிருந்தால் இந்த வேலைகளை மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.

இந்த அறிவு நமக்குப் புதிதல்ல. கட்டுமரம் தண்ணீரைத் தடுப்பதில்லை. அலை மரங்களின் மேலும் இடுக்கிலும் புகுந்து போகும். அதைக் காத்தது கரைக்கு வந்தபின் செய்த வேலை: கட்டை அவிழ்த்து, மரங்களைப் பிரித்து, மணலில் காயப்போடுவது. ஊறிய மரத்தை அப்படியே கட்டி வைத்தால் கனத்து உளுத்துப்போகும் என்று மீனவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பையனுக்குப் புதிய ரிசீவர் வாங்கி மாட்டினோம். போன மாதம் மழை விட்டதும் தெருவில் அவன் வண்டியின் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். வாசல் திண்ணையில் பேட்டரி தனியாக, பெட்டி மூடி தனியாக, வண்டி ஒருக்களித்துக் கிடந்தது. அவன் அப்பா உள்ளேயிருந்து மேசை மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.